முப்பத்தைந்து வெள்ளி

"பாசார் மாலாமிலா?" என்றார்கள்.
ஆமாம் என்றேன்.
"முப்பத்தஞ்சா?"
ஆமாம்.
அப்படித்தான் அது ஊத்தான் மெலிந்தாங்கிற்குள் வந்தது,
என் இடது மணிக்கட்டில்,
பொய் சொல்லிக்கொண்டு.

இருபத்தொன்பதாயிரத்து நானூறு வெள்ளி.
ஐம்பது முடிந்ததும் சேமநிதியில் பிரித்து எடுத்தது.
அண்ணன் குசினிக்கு ஓடு பதிக்கச் சொன்னார்.
அண்ணி பவுனாய் வாங்கச் சொன்னாள்,
அடகுக்காவது ஆகுமாம்.
சரி சரி என்று தலையாட்டிவிட்டு
தெலுக் இந்தானில் பஸ் ஏறினேன்.

கோலாலம்பூர்க் கடையில்
வெள்ளைக் கையுறை மாட்டிய பெண்
வெல்வெட் தட்டை இழுத்து
"உந்தோக் சுவாமி?" என்றாள்.
மலாயில் புருஷனுக்கு அந்தச் சொல்.
எங்கள் வீட்டில் சுவாமிகள்
இரண்டு வகையும் சட்டத்துக்குள் இருக்கிறார்கள்.
எனக்குத்தான் என்று கையை நீட்டினேன்.
விரலெல்லாம் ரசீது மை.
அவள் பார்க்கவில்லை,
அல்லது பார்க்காமலிருக்கப் பழகியவள்.
பட்டையில் நான்கு கண்ணி கழற்றிப்
பொட்டலம் கட்டித் தந்தாள்.
கழற்றியதற்கும் சேர்த்துத்தானே காசு,
மைலோ டின்னில் இருக்கின்றன.

கறுப்பு முகம். அதற்குள் மூன்று குட்டி முகங்கள்.
விளிம்பில் வேகம் பார்க்கும் எண்கள்,
எங்கள் செம்மண் சாலைக்கு ஆகாதவை.
எனக்குப் பிடித்தது நடுவிலுள்ள நீள முள்.
அது பன்னிரண்டில் சும்மா நிற்கும்.
பித்தானை அமுக்கினால்தான் புறப்படும்.
பெரட்டு மணிக்கு ஓடிய வீட்டில் பிறந்தவள் நான்.
நான் சொன்னால் புறப்பட,
நான் சொன்னால் நிற்க,
அந்த வீட்டில் வேறெதுவும் இருந்ததில்லை.

ஆலை வாசலில் எடைப்பாலம் என் வேலை.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறுமனே வரும், எழுதுவேன்.
கழித்தால் நிற்பதுதான் சரக்கு.
இருபத்தாறு வருஷம் கழித்திருக்கிறேன்.

இப்போது நேரமும் பார்க்கிறேன், யாருக்கும் தெரியாமல்.
பாலத்தில் லோரி நடுங்கி அடங்க: பதினொரு விநாடி.
காப்பி ஆற: ஆறு நிமிஷம் சொச்சம்.
மேனேஜரின் "ஒரு நிமிஷம்":
நாற்பத்து மூன்று நிமிஷம்.

போன செவ்வாய் தர்மேந்திரன்
சன்னல் வழியாக நோட்டுகளை வைத்தான்.
"எனக்கும் ஒண்ணுக்கா. அதே மாதிரி."
மறுநாள் ராத்திரி சந்தை முழுக்கத் தேடி
அச்சு அசலாய் ஒன்று பிடித்தேன்.
கடைக்காரன் இரண்டு வெள்ளி குறைத்தான்.
அதை மறக்காமல் தர்மேந்திரனிடம் கொடுத்தேன்,
அந்த விஷயத்தில் நான் சுத்தம்.

மாட்டினான். அமுக்கினான்.
நீள முள் அசையவில்லை.
குட்டி முகங்கள் மூன்றும் வெறும் அச்சு.
"ஒங்களோடத காட்டுங்க."
நீட்டினேன்.
அவனே அமுக்கினான்.
புறப்பட்டது.

முள்ளைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
மேசைக்கடியில் என் ரப்பர் செருப்பைப் பார்த்தான்.
பின்னால் நான்கு லோரிகள் ஹார்ன் அடித்தன.
"பதினெட்டு டன் நானூத்தி அறுபது" என்றேன்,
குரல் என்னுடையதாக இல்லை.

"எனக்கு மட்டமானது மாட்டிருச்சுக்கா" என்றான்,
வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.
"ஒங்களுக்கு அதிர்ஷ்டம்."
ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
வண்டி நகர்ந்தது.

இரவு அரிசி களையும்போதுதான் பார்த்தேன்,
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
குட்டி முகத்தில் பத்து மணி நேரம்.
ஈரக் கையோடு நின்றேன்.
கழிக்க எதுவும் தோன்றவில்லை.